லோக்கல் ஆளு

“சார், நெசமாவே இருந்த எடத்துலயே நெரந்தரமா நிக்க முடியுங்களா?”

வாசலில் நின்று கேட்ட தீர்த்தகிரியை, மூர்த்தி சார் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பார்த்தார். மூக்கண்டப்பள்ளியில் தீர்த்தகிரிக்கு இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவர் சார். தினம் பெங்களூருக்குப் போய் என்னவோ ஆராய்ச்சி செய்கிறவர். ஞாயிற்றுக்கிழமை அவர் ‘லோக்கலைசேஷன்’ பற்றிப் பேசப்போவதாக நூலகப் பலகையில் எழுதியிருந்தது. நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்ற தீர்த்தகிரிக்கு, கூட்டிக் கூட்டிப் படித்ததில் ‘லோக்கல்’ வரைக்கும் புரிந்தது. கம்பெனிக்கு நிலம் போன ஊர்க்காரனுக்குக் கேட்டில் அதுதானே பெயர், லோக்கல் ஆளு!

ஒன்பது வருடமாக அவர் லோக்கல் ஆளு. ஒன்பது வருடமாகக் கேஷுவல், நிரந்தரமில்லாத தினக்கூலி. திங்கட்கிழமையோடு எட்டுப் பேரை வேலையை விட்டு நிறுத்தப்போவதாகப் பேச்சு. அதில் அவரும் ஒருவர்.

“நிக்கும்!” சார் முகம் மலர்ந்தது. இதுவரை ஒருவரும் அவரிடம் இதைக் கேட்டதில்லை போலிருந்தது. “ஆனா எல்லாம் ஒழுங்கா, வரிசையா இருந்தா நிக்காது. ஓடிடும். தாறுமாறா இருந்தாத்தான் நிக்கும்.”

தீர்த்தகிரிக்குத் தலை சுற்றியது. “ஒரு நாளு லேட்டா போனதில்ல, ஒரு வார்த்த எதுத்துப் பேசினதில்ல. அதான் தப்புன்றீங்களா?”

“ஒழுங்கு இருந்தா நிக்காதுய்யா. கணக்குப் போட்டே நிரூபிச்சாச்சு.”

“ஒண்டியா இருந்தாவா, கும்பலா இருந்தாவா சார்?”

“அப்படிக் கேளுங்க! ஒண்டின்னா நிக்கும். நிறைய சேர்ந்து ஒண்ணையொண்ணு இடிச்சுக்கிட்டிருந்தா நிக்குமா நகருமான்னு ஒருத்தருக்கும் தெரியல. பதினோரு வருஷமா மண்டைய ஒடச்சுக்கறேன்.”

“எனக்கு ஒம்போது சார்,” என்றார் தீர்த்தகிரி, பரிவோடு.

வீட்டில் மனைவி கெம்பம்மா நம்பவில்லை. “படிச்சவரு வாயிலயா இது வந்துச்சி? நல்லாக் கேட்டியா நீ?”

“நல்லாத்தான் கேட்டேன். புரியலையே தவிர.”

திங்கட்கிழமை, தீர்த்தகிரி சொல்லிவைத்தபடி, எட்டுப் பேரும் கம்பெனியில் வரிசையில் நிற்கவில்லை. கரியப்பன் எடைமேடையில் மல்லாந்து படுத்தான். நசருல்லா லாரிச் சக்கரத்துக்கு முன்னால் குந்திப் பீடி பற்றவைத்தான். மற்றவர்கள் கண்ட கண்ட இடத்தில் உட்கார்ந்தார்கள். தீர்த்தகிரி மேனேஜர் காருக்கு முன்னால் நின்றார். ஒரு லோடு வெளியே போகவில்லை. மேனேஜர் கத்தினார், போலீஸ் என்றார், பிறகு கெஞ்சினார். மூன்று மணிக்கு டைப் அடித்த காகிதம் வந்தது.

சாயங்காலம் மைசூர்பாகோடு சார் வீட்டுக்கு ஓடினார் தீர்த்தகிரி. “சார்! நீங்க சொன்ன மாதிரியே தாறுமாறா இருந்தோம். நின்னாச்சு! கும்பலா சேந்தாலும் நிக்குது சார், எழுதிக்குங்க!”

சார் பரபரத்துப் பேனாவை எடுத்தேவிட்டார். “எங்க பார்த்தீங்க? எத்தனை?”

“எட்டுப் பேரு சார். எட்டுப் பேரும் பர்மனென்ட்டு!”

பேனா மெதுவாக மேசைக்கு இறங்கியது.

“எட்டுப் பேரா? ஐயோ தீர்த்தகிரி, நான் ஆளுங்களையா சொன்னேன்? எலக்ட்ரானைச் சொன்னேன்யா. கண்ணுக்கே தெரியாத துகள், கரண்டுல ஓடிக்கிட்டே இருக்கும். சுத்தி அணுவெல்லாம் தாறுமாறா இருந்தா நின்னுடும்.”

“அடப் பாவமே,” என்றார் தீர்த்தகிரி. “அதுங்களும் கேஷுவல்தானுங்களா சார்?”