புது வீட்டில் ஓட்ஸ் பால்

நல்ல நேரம் முடியப் பத்து நிமிடம் இருந்தது.

அடுப்பில் புதுப் பித்தளைப் பாத்திரம். அதன் கழுத்தில் மஞ்சள் கொத்து.

அட்டைப் பெட்டியின் மூலையைக் கத்தரித்து அவள் பாலை ஊற்றினாள். மாமியார் பக்கத்தில் நின்று பார்த்தார். பெட்டியின் மேல் ஓட்ஸ் கதிர்கள் வரையப்பட்டிருந்தன. அதையும் பார்த்தார்.

அடுப்பு மேடையில் இருந்த வெற்றிலையை நகர்த்தி வைத்தார்.

தாராபுரத்துக்குப் பக்கத்தில் அவருக்குத் தோட்டம். தோட்டத்தில் மாடுகள். சென்னைக்குப் புறப்படும் முன் தொலைபேசியில் கேட்டிருந்தார், ஒரு தூக்கு கறந்து கொண்டுவரட்டுமா என்று.

வேண்டாம் அத்தை, நாங்கள் குடிக்கிற பாலே இருக்கிறது என்று அவள் சொல்லிவிட்டாள்.

மறுமுனையில் மாடுகளின் சத்தம் கேட்டது.

"செரி."

அவள் மாட்டுப் பால் தொடுவதில்லை. அவளோடு பழகத் தொடங்கியபின் தரணியும் நிறுத்திவிட்டான். கல்யாணப் பேச்சு வந்தபோது அவன் அம்மா உறவுக்காரர்களிடம் சொன்னது அவள் காதுக்கும் வந்தது.

"பாலையே உட்டுப்போட்டான். நாளைக்கு நம்மளையும் உட்டுப்போடுவான்."

கல்யாணத்துக்கு அவர் வரவில்லை.

பால் காய்ச்ச வந்திருக்கிறார்.

தீயைக் கூட்டினாள்.

தினமும் காலையில் இந்தப் பாலில்தான் அவள் லாட்டே காப்பி போடுவாள். விரல் பொறுக்கும் சூடு வந்ததும் இறக்கிவிட வேண்டும். முதல் குமிழி வரக் கூடாது. நுரைக்க அடித்து, டிகாக்ஷன் மேல் மெதுவாக ஊற்றினால் பழுப்புக்கு நடுவில் வெள்ளை விரியும். கொதித்துவிட்டால் கஞ்சி.

அதனால் அந்தப் பாலை அவள் ஒருநாளும் கொதிக்கவிட்டதில்லை.

அது பொங்குமா என்று யோசித்ததும் இல்லை. இன்று காலை, தீக்குச்சியை உரசிய பிறகுதான் யோசித்தாள்.

பாத்திரத்தின் ஓரங்களில் பொடிக் குமிழிகள் கட்டின. நடுவில் ஒன்று உப்பி வெடித்தது. இன்னொன்று. பால் இருந்த இடத்திலேயே இருந்தது. ஏடு கட்டவில்லை. கரண்டியில் ஒட்டும் பதத்துக்கு வந்துகொண்டிருந்தது.

சமையலறை வாசலில் தரணி புது வேட்டியில், படம் எடுக்கச் செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி நின்றான்.

"கை வலிக்குதும்மா. பொங்கலீன்னா போகுது. காப்பி போட்டுக் குடிச்சுக்கலாம்."

"வாய மூட்றா. பாலு பொங்காத ஊட்ல எவனாச்சும் குடியிருப்பானா?"

அவள் பாத்திரத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

இந்தப் பெண் வந்த வீட்டில் பால்கூடப் பொங்கவில்லை. ஊருக்குப் போனதும் மாமியார் சொல்ல இந்த ஒரு வரி போதும். அதற்குப் பிறகு அவர் இந்தப் படியேற மாட்டார். அந்த வருத்தத்தைத் தரணி ஒருநாளும் வாய்விட்டுச் சொல்ல மாட்டான்.

மாமியார் குனிந்து பாத்திரத்துக்குள் பார்த்தார். நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

"சூடம் எடுத்தாறேன். டேய், நீயும் வா. பையி மேல இருக்குது, எனக்கு எட்டாது."

அவனை முன்னால் விட்டு அவரும் போனார்.

சூடம் அடுப்பு மேடையிலேயே இருந்தது. வெற்றிலைக்குப் பக்கத்தில்.

அதைப் பற்றி யோசிக்க நேரமில்லை. தீயைக் குறைத்தாள். இழுப்பறையைத் திறந்தாள். லாட்டேக்கு நுரை அடிக்கிற கம்பி. பேட்டரியில் சுற்றுவது. முனையை மட்டும் பாலில் இறக்கி, கைப்பிடியை முந்தானையால் சுற்றிக்கொண்டு அழுத்தினாள்.

வண்டு ரீங்காரம் போல ஒரு சத்தம். முந்தானைக்குள் அடங்கவில்லை.

பால் சுழன்றது. நடுவில் குழி விழுந்தது. ஓரம் உயர்ந்தது. வெள்ளையாக, அடர்த்தியாக ஏறி விளிம்பில் வந்து நின்றது.

இன்னும் கொஞ்சம்.

வழிந்தது. மஞ்சள் கொத்தை நனைத்துக்கொண்டு இறங்கி அடுப்பில் பட்டுச் சீறியது.

கம்பியை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள். ஈரத்தோடு.

"பொங்கிடுச்சு அத்தை."

குரல் தேவைக்கு மேல் உயர்ந்துவிட்டது.

தரணிதான் முதலில் ஓடிவந்தான். படம் எடுத்தான். குனிந்து ஒன்று, நிமிர்ந்து ஒன்று. "பாத்தயாம்மா? மாடு தோத்துச்சு."

மாமியார் சிரிக்கவில்லை. வழிந்த நுரையை விரலால் தொட்டார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். நுரை உடையவில்லை. மாவு போல அப்படியே இருந்தது.

வாழ்நாள் முழுக்கப் பால் காய்ச்சியவர்.

அவள் முந்தானையைப் பார்த்தார். அதில் வெள்ளையாக இரண்டு சொட்டு.

"தரணி, சாமி படத்துக்குப் பூ வெக்கல பாரு. போயி வெச்சுட்டு வா."

"இப்பவா?"

"இப்பத்தான்."

அவன் போனான்.

மாமியார் விரலைச் சேலையில் துடைத்துக்கொண்டார். ஜன்னலைப் பார்த்தார். எதிர் மாடியின் சுவரில் வெயில் எந்தப் பக்கத்திலிருந்து விழுகிறது என்று பார்த்தார். பிறகு அடுப்பை. நுரை வழிந்த தடம் வெயில் வரும் பக்கத்துக்கு ஒத்துவரவில்லை.

கூடத்தை ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"தெக்கால வழிஞ்சிருச்சு கண்ணு, ஆகாது. அவன் வர்றதுக்குள்ள, ஙொய்யுன்னு சத்தம் போட்டுதே, அதக் கெழக்கால ஒருக்கா சுத்தி உடறயா?"