தர்மிளாவின் ஏழு

"ஏழு டீச்சர்."

தர்மிளாவின் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. இந்திராணிக்கு அலுத்துப்போயிற்று. இரத்தினபுரியிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால்வலி ஒரு பக்கம், இந்தப் பெண்ணின் சோம்பேறித்தனம் ஒரு பக்கம்.

அந்தத் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு மைதானம் கிடையாது. கேட்டிலிருந்து தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவம் வரைக்கும் ரோட்டிலேயே ஓடித் திரும்ப வேண்டும். நாடி பார்க்கக் கருவியும் இல்லை. அதனால் விளையாட்டு டீச்சரான இந்திராணி ஒரு வழி சொல்லிக்கொடுத்திருந்தாள்.

"ஒடம்பக் கேளுங்க. சும்மா ஒக்காந்திருந்தா ஒண்ணு. இதுக்கு மேல ஒரு எட்டுக்கூட வைக்க முடியாதுன்னா பத்து. ஆறுல ஓடணும். ஏழு வந்தா மெதுவாக்கிக்கணும். பொய் சொல்லக்கூடாது."

தர்மிளாவும் சுகந்தினியும் எப்போதும் ஜோடியாக, எல்லோருக்கும் கடைசியில்தான் ஓடுவார்கள். தர்மிளாவுக்கு நீளமான கால். நினைத்தால் பையன்களையே முந்தலாம். ஆனால் பக்கத்தில் வருகிறவளை ஒரு பார்வை பார்ப்பாள், "ஏழு" என்பாள், வேகத்தைக் குறைப்பாள். சுகந்தினியும் கூடவே குறைப்பாள்.

"ஒனக்கு எத்தன?" என்று சுகந்தினியைக் கேட்டாள் இந்திராணி.

"அஞ்சு." ஒரே சொல்தான் வந்தது. பிறகு ஒரு சிரிப்பு.

"பாத்தியா தர்மிளா? ஒன்னாலதான் இவளும் பின்னால நிக்கிறா. வலயப் போட்டிக்கு ஆள் எங்கன்னு நம்ம ஸ்கூல் அதிபர் காலையிலேயும் கேட்டாரு. நான் நாயா அலையிறேன், நீ கதை பேசிக்கிட்டு ஓடுற. இனிமே சேந்து ஓட வேணாம். நீ முன்னால போ."

"வேணாங்க டீச்சர். நாங்க சேந்தே ஓடுறோங்க."

"போன்னா போ!"

தர்மிளா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். "ஒனக்கு அஞ்சுதானே, இன்னும் கொஞ்சம் எட்டிப் போடு" என்று சுகந்தினியையும் விரட்டிவிட்டு, ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து காலை நீட்டினாள் இந்திராணி.

மேட்டு வளைவில் சுகந்தினி முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து நின்றாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

இந்திராணி ஓடிப்போய்ப் பார்த்தபோது பிள்ளையின் உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு விசிலடித்தது. "என்னம்மா செய்யுது? சொல்லும்மா!" சொல்வதற்கு அவளிடம் மூச்சில்லை.

மடுவத்துப் பக்கமிருந்து ஓர் உருவம் மேட்டில் பாய்ந்து வந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் யாரும் அப்படி ஓடி இந்திராணி கண்டதில்லை. வந்த வேகத்தில் மண்டியிட்ட தர்மிளா, தன் சட்டைப் பையிலிருந்து ஓர் இன்ஹேலரை எடுத்துச் சுகந்தினியின் வாயில் வைத்து அழுத்தினாள்.

"மெதுவா இழுடி. அவசரமில்ல. இன்னொருக்கா."

ஆஸ்பத்திரிக்குப் போக த்ரீவீல் கூப்பிட ஒரு பையன் ஓடினான். அது வருவதற்குள் சுகந்தினியின் முகத்தில் கொஞ்சம் நிறம் திரும்பியிருந்தது. "இழுப்புன்னு தெரிஞ்சா... ஒக்கார வச்சிருவீங்கன்னு..." என்று திணறிச் சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இந்திராணிக்கு யார்மீதாவது கோபப்பட வேண்டும்போல இருந்தது. தர்மிளாவைப் பார்த்தாள். அவ்வளவு தூரம் பாய்ந்து வந்தும் அவளுக்கு மூச்சு வாங்கவில்லை.

"இப்படி ஓடுறவளுக்கு அந்த ஆமை ஓட்டத்துல எப்படிடி ஏழு வந்துச்சு?"

தோழியின் முதுகைத் தடவிக்கொண்டே, தலை நிமிராமல் தர்மிளா சொன்னாள்:

"எனக்கு ரெண்டுதாங்க டீச்சர். ஏழு இவளுக்கு."