விரலை எடுக்க மறந்தவர்

டைப்பிங் கடைக்காரர் பிழையான கடிதத்தை ஒவ்வொரு எழுத்தாக அழிப்பதைப் பார்த்து, பக்கத்து நாற்காலியில் டீ குடித்து முடித்த மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"ஏங்க, எலி மாதிரி கொறிக்காதீங்க. கன்ட்ரோல் இசட் அமுக்குங்க. ஜாஸ்தி போயிட்டா கன்ட்ரோல் ஒய், எல்லாம் திரும்பி வந்துடும். நடுவுல வேற கீயைத் தொட்டீங்கன்னா, போனது போனதுதான்."

அவர் அமுக்கினார், விரலை எடுக்க மறந்தார். கடிதம் முழுதாக மறைந்தது. காலி கிளாஸில் டீ நிறைந்தது. பிறகு கிளாஸும் இல்லை, நாற்காலியில் மனைவியும் இல்லை. கடைசியாக அவர் விரலில் இருந்த கல்யாண மோதிரமும் போயிற்று.

அவசரமாகக் கன்ட்ரோல் ஒய்யை ஒரு முறை அமுக்கினார். மோதிரம் வந்தது. அடுத்தது மனைவிதான் என்று மூச்சு விட்டார்.

அதற்குள் உள்ளே வந்த வாடிக்கையாளர் ஒருவர் மேஜைமேல் சாய்ந்து, கீபோர்டில் வசதியாக முழங்கையை ஊன்றினார். வெற்றுத் திரையில் வரிசையாக 'ம' விழுந்தது.

"என்ன தம்பி, மோதிரமெல்லாம் புதுசா மின்னுது! பொண்ணு யாரு?"

கடைக்காரர் கன்ட்ரோல் ஒய்யை அமுக்கினார். கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. மறுபடி அமுக்கினார்.

"அட, வெட்கத்தைப் பாரு!" என்று வாடிக்கையாளர் சிரித்தார்.

'டிங்.'