நிரப்பாத கட்டம்

"ஏழு வயசானா இதுக்கு மூளை பெருசாகி, மண்டையில இடம் பத்தாம பைத்தியம் பிடிச்சிடுமாமே?"

நாய்கள் காப்பகத்தைப் பார்த்துக்கொள்ளும் அந்தப் பெண் பேனாவை மேஜைமேல் போட்டாள். இந்த வாரத்தில் இதே கேள்வியோடு வரும் ஐந்தாவது ஆள் இவர்.

"யார் சார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க, மேடம்."

"அந்த எல்லாரையும் ஒரு நாள் இங்க கூட்டிட்டு வாங்க. அவங்க மண்டையில என்ன இருக்குன்னு நான் பார்க்கணும்."

கம்பி வலைக்கு அப்பால் டாபர்மேன் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. பெயர் பஞ்சு. பெயரைக் கேட்டாவது வருகிறவர்களுக்குப் பயம் போகட்டும் என்று அவள்தான் வைத்தாள். ஒன்பது மாதமாகியும் கூட்டிப் போக ஒருவரும் முன்வரவில்லை.

இன்றோடு கெடு முடிகிறது. இனி இடமில்லை என்று மேலிடம் கையை விரித்துவிட்டது. நாலு மணிக்குக் கிடங்கு முதலாளி ஒருவர் நாயை வாங்கிப் போக வருகிறார். "இந்த ஜாதி கடிக்கத்தான் லாயக்கு. பத்து நாள் சங்கிலியில போட்டா தானா வெறி ஏறிடும்" என்று போனிலேயே திட்டத்தைச் சொல்லிவிட்டார். அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி மூன்றரை.

வந்தவர் படிவத்தை எழுதி வைத்துவிட்டு எழுந்தார். அவள் வலைக்கதவைத் திறந்துவிட்டாள்.

அவர் நாயைச் சுற்றிக்கொண்டு அதன் வலது பக்கம் போய் நின்று, நாக்கை மெல்லச் சொடுக்கிக் கூப்பிட்டார். நாய் திரும்பியது. எழுந்து வந்து அவர் கையை வெகுநேரம் முகர்ந்துவிட்டு, முழு உடம்பையும் அவர் முழங்காலில் சாய்த்துக்கொண்டது.

"பார்த்தீங்களா? தெரிஞ்சவங்க, தெரியாதவங்கன்னு அதுக்குப் பேதமே கிடையாது. திருடன் வந்தாலும் இப்படித்தான் சாயும்."

"வளர்த்தவங்க மேலயே பாயுமாமே?"

"பாயும், சார். பாசத்துல பாயும்."

"வீட்டுல பத்து மாசக் குழந்தை இருக்கு. பரவாயில்லையா?"

"ரெண்டு பேரையும் தனியா விடாதீங்க. எந்த நாயா இருந்தாலும் அதான் விதி."

அவர் தயங்கினார். "பகையை மட்டும் மறக்கவே மறக்காதாமே?"

அவளுக்குப் பொறுமை போய்விட்டது.

"பகை வைக்கணும்னா இதுக்கு நல்ல காரணம் இருக்கு, சார். ஒரு மகராசன் விடியற்காலையில நம்ம கேட்டுல கட்டிப் போட்டுட்டுத் திரும்பிப் பார்க்காமப் போயிட்டான். ரெண்டு நாள் சாப்பிடாம ரோட்டையே பார்த்துட்டிருந்துச்சு. இடது காது வேற கேட்காது. அந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டா எங்கேயோ தேடும். சொன்ன பேச்சு கேட்காத நாய்னு வர்றவங்களும் ஓடிடறாங்க. அந்த ஆள் மட்டும் என் கையில கிடைச்சா..."

மேலே பேசினால் வாய் கெட்டுவிடும் என்று நிறுத்திக்கொண்டாள். அவர் தலை குனிந்தபடி நாயின் நெற்றியை நீவிக்கொண்டிருந்தார்.

வாசலில் ஹாரன் சத்தம். கிடங்கு முதலாளி சொன்ன நேரத்துக்கு முன்பே வந்துவிட்டார். கையில் கனத்த சங்கிலியோடு இறங்கினார்.

"சார், சட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. வேணுமா, வேணாமா? நீங்க பயந்துட்டே நின்னா நான் அவர்கிட்ட கொடுத்துதான் ஆகணும்."

"வேணும், மேடம்."

அவளால் நம்பவே முடியவில்லை. மேஜையிலிருந்து படிவத்தை எடுத்துக்கொண்டு ஓடி வந்தாள். 'இதற்கு முன் நாய் வளர்த்ததுண்டா?' என்ற கேள்விக்கு 'ஆம்' என்று எழுதியிருந்தார். அதற்கு அடுத்த கட்டம் காலியாக இருந்தது. அதை நிரப்பாமல் எந்த நாயும் இந்தக் கேட்டைத் தாண்டக் கூடாது என்பது அவளே போட்ட சட்டம்.

"ஐயோ, இதை ஏன் சார் விட்டுட்டீங்க? சீக்கிரம் சொல்லுங்க, நானே எழுதிக்கறேன். முன்னாடி வளர்த்த நாய் இப்ப எங்கே இருக்கு?"

அவர் நிமிரவில்லை.

"இதோ, என்மேல சாஞ்சிட்டிருக்கு, மேடம்."