சாவி வாங்க வந்தவர்

"முதல்ல சாவியை எடுத்துக் கொடுங்கண்ணே. அப்புறம்தான் அடியில போவேன்" என்றார் அப்துல் மாலிக்.

எடமலைப்பட்டி புதூர்ப் பக்கம் லாரி ஓட்டுகிற எல்லோருக்கும் மாலிக்கின் இந்தப் பிடிவாதம் தெரியும். டிப்பர் லாரியின் பாடியைத் தூக்கி நிறுத்திவிட்டு அடியில் தலையை விடுகிற வேலை அவருடையது. இரும்பு முட்டு கொடுத்திருந்தாலும் வண்டிச் சாவி அவருடைய சட்டைப் பையில் இருந்தாக வேண்டும். விவரம் தெரியாத எவனாவது ஏறி வண்டியைக் கிளப்பிப் பாடியை இறக்குகிற லிவரைத் தட்டிவிட்டால், மாலிக்குக்குச் சங்குதான்.

இன்னாசிராஜ் கேபினுக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து நீட்டினார். மகள் ஜெஸ்லின் பள்ளிக்கூடம் போன காலத்தில் வாங்கிய லாரி அது. அவள் இப்போது கனடாவில் இருக்கிறாள். லாரி மட்டும் அப்பாவோடு தங்கிவிட்டது.

"என்ன கோளாறு?"

"தூக்கினா நிக்க மாட்டேங்குது பாய். எண்ணெய் ஒழுகுது. நேத்து ஜல்லி கொட்டப் போன இடத்துல பாடி பாதியில படுத்துக்கிச்சு."

"வயசாச்சுல்ல. நமக்கே நிக்க முடியல, அது என்ன பண்ணும்?" என்றபடி மாலிக் ஸ்பேனரோடு அடியில் நுழைந்தார். கொஞ்ச நேரத்தில் குரல் மட்டும் வந்தது. "ஓஸ் பைப் பொத்துப் போயிருக்கு. மாத்திட்டா சரியாயிடும். ஒரு மணி நேர வேலை."

"அவ்வளவுதானா?"

மாலிக் தலையை வெளியே நீட்டினார். "வர்றவங்க எல்லாம் சீக்கிரம் முடின்னு உயிரை எடுப்பாங்க. நீங்க என்னடான்னா வருத்தப்படுறீங்க."

"மெதுவாவே பண்ணுங்க பாய்." இன்னாசிராஜ் ஒரு பழைய டயர் மேல் உட்கார்ந்தார். "இன்னிக்கு எங்க கல்யாண நாள். வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்குப் போய் நான் என்ன பண்ணப் போறேன்?"

மனைவி இறந்த பிறகு, மணப்பாறை வீட்டுக்கு வண்டியை விடுவதென்றாலே அவர் இருட்டும்வரை தள்ளிப்போடுவார். சாதாரண நாளையாவது படுத்துத் தூங்கிக் கழித்துவிடலாம். இந்த ஒரு சாயங்காலத்தைத் தனியாகத் தாண்ட முடியும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

"நம்ம வீட்டுக்கு வாங்களேன்" என்றார் மாலிக். "வீட்டுக்காரி இடியாப்பமும் கறியும் பண்ணுது."

"இருக்கட்டும் பாய். இன்னொரு நாளைக்கு வரேன்."

பெருநாளைக்குக் கூப்பிட்டாலும் இதே பதில்தான். பெண்டாட்டி இல்லாதவன் சோற்றுக்கு அலைகிறான் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதில் மனிதருக்கு அப்படி ஒரு ரோஷம். பசியை விட ரோஷம் பெரிதாக இருந்தால் மெலிவது யார்? சட்டை அவர் மேல் தொளதொளவென்று தொங்கியது.

பைப்பை மாற்றி, எண்ணெய் ஊற்றி, முட்டுக் கொடுத்த இரும்பை எடுத்ததும் மாலிக்கே கேபினில் ஏறினார். வண்டியைக் கிளப்பி, உள்ளே சிக்கிய காற்று போகும்வரை பாடியைத் தூக்கித் தூக்கி இறக்கினார். இப்போது அது நிறுத்திய இடத்தில் நின்றது.

"கீலுக்கெல்லாம் கிரீஸ் வச்சிருக்கேன். பள்ளமான இடத்துல பாடியைத் தூக்காதீங்க, வண்டி சாஞ்சிடும்."

"சரி பாய். டீ சாப்பிட்டு வந்து வண்டியை எடுத்துக்கிறேன்."

அவர் டீயை ஆற்றி ஆற்றிக் குடித்துவிட்டு வந்தபோது பட்டறை பூட்டியிருந்தது. மாலிக்கின் ஸ்கூட்டரையும் காணோம். வெளியே நின்ற லாரியின் கேபினில் பார்த்தார். சாவி இல்லை. போன் போட்டார்.

"பாய், சாவி உங்க பையோட போயிடுச்சு போல."

"அடடா, மறந்தே போயிட்டேன் பாருங்க. சிரமம் பார்க்காம வீட்டுக்கு வந்து வாங்கிக்கிறீங்களா?"

"வேற வழி? சாவி இல்லாம வண்டியை எப்படி எடுக்கிறது? வரேன்."

பஸ் பிடித்துப் பாலக்கரையில் இறங்கி, சந்துக்குள் நடந்து போய்க் கதவைத் தட்டினார். மாலிக்கின் மனைவி ரோஷன் பேகம் திறந்தாள்.

"வாங்கண்ணே. இவருக்கு இதே வேலையாப் போச்சு. போன தடவையும் இப்படித்தானே உங்களை அலைய விட்டாரு."

"பரவாயில்லம்மா. சாவியை வாங்கிட்டுக் கிளம்பிடறேன்."

"சாவி எங்கயும் ஓடிடாது. கையைக் கழுவிட்டு உக்காருங்க."

இன்னாசிராஜ் உட்கார்ந்தார். ஒரு இடியாப்பம் போதும் என்றவர் தட்டில் ரோஷன் போட்டுக்கொண்டே இருந்தாள். கல்யாணமான புதிதில் மனைவியை லாரியிலேயே வேளாங்கண்ணிக்குக் கூட்டிப் போன கதையை அவர் சொன்னார். இனி பஸ்ஸில்தான் வருவேன் என்று அவள் வழி நெடுகச் சண்டை போட்டதைச் சொல்லும்போது சிரித்தார். சிரிப்புக்கு நடுவே கண் கலங்கியது. துடைத்துக்கொண்டு மறுபடி பேசினார். வீட்டில் இதையெல்லாம் சுவரிடமா சொல்வது?

கிளம்பும்போது மாலிக் சாவியைக் கொடுத்தார். "மன்னிச்சுக்கங்கண்ணே. வயசாகுது, மறதி."

"எனக்கும்தான் கேட்டு வாங்கிக்கணும்னு தோணல. போயிட்டு வரேன் பாய். வரேம்மா."

அவர் தெருமுனை திரும்பியதும் ரோஷன் கணவரைப் பிடித்துக்கொண்டாள். "பாவம்ங்க, தனியாளு. அவரைப் போய் ஒவ்வொரு தடவையும் பஸ் ஏறி வர வைக்கிறீங்களே. ஒரு சாவியைத் திருப்பிக் கொடுக்க ஞாபகம் இருக்காதா?"

"அந்த வண்டிக்குச் சாவியே வேணாம் ரோஷன்" என்றார் மாலிக். "சாவி போடுற இடம் எப்பவோ எரிஞ்சு போச்சு. அடியில போறப்ப பேட்டரி ஒயரைக் கழட்டிட்டுத்தான் போவேன். பட்டனை அமுக்கினா வண்டி கிளம்புற மாதிரி நான்தான் மாத்திக் கொடுத்தேன்."

"அது அவருக்குத் தெரியாதா?"

"தினம் அந்தப் பட்டனை அமுக்குறதே அவர்தானே."