நகுலன் கொடுக்கவந்த சிறுநீரகம்

"உங்க கிட்னிய வச்சா இவங்க ரத்தம் உடனே அதைத் தாக்கும், மிஸ்டர் நகுலன்," என்றார் டாக்டர் ராகினி.

நகுலனின் முகம் தொங்கிப்போயிற்று. மனைவிக்குத் தன் சிறுநீரகத்தைக் கொடுக்கப்போவதாகப் புலாவ் செபாங் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்த மனிதர். அதற்காக ஆறு மாதமாகச் சர்க்கரை இல்லாத கோப்பி வேறு.

வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸில் கிடக்கும் சுரேகா, ஊசி ஏறி ஏறி வீங்கிய தன் கையைப் பார்த்தபடி இருந்தாள்.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். சுரேகாவின் ரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் இருக்கின்றன. அவை நகுலனின் உடலணுக்களில் உள்ள அடையாளங்களையே குறிவைக்கின்றன. ஏற்கெனவே சந்தித்த ஒன்றுக்கு எதிராகத்தான் அவை உருவாகும். ரத்தம் ஏற்றியிருந்தால் நடக்கும். இல்லையென்றால் கர்ப்பம், வயிற்றில் இருக்கும் பிள்ளைக்குப் பாதி தகப்பனின் அடையாளம்தானே.

"ரத்தமெல்லாம் ஏத்தினதில்ல டாக்டர். பிள்ளையும் இல்ல லா. குறை என்கிட்டதான்," என்று முந்திக்கொண்டார் நகுலன்.

டாக்டரின் பேனா சுரேகாவின் பதிலுக்காகக் காத்திருந்தது.

பத்தொன்பது வருடத்துக்கு முன் நகுலனுக்குச் சிங்கப்பூரில் வேலை. மாதம் ஒருமுறைதான் வீடு. கர்ப்பமானால் மூன்று மாதம் முடியாமல் வாய் திறக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்க்கப்பட்டவள் சுரேகா. தீபாவளிக்கு வரும்போது நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று கணவனிடம்கூட மறைத்தாள்.

பதினொன்றாவது வாரம், குளியலறையில் எல்லாம் முடிந்துபோயிற்று. தரையை அவளே கழுவிவிட்டாள். அன்றைக்கு அவள் பக்கத்தில் யாராவது ஒருவர் இருக்க வேண்டியிருந்தது.

தீபாவளிக்கு வந்த நகுலனின் கையில் ஒரு பரிசோதனை முடிவு இருந்தது. தன்னால் பிள்ளை உண்டாக வாய்ப்பே இல்லையாம் என்று அவள் மடியில் விழுந்து அழுதார். அதற்குப் பிறகு எப்படிச் சொல்வது? சொன்னால் அவர் என்ன கேட்பார் என்று அவளுக்குத் தெரியும்.

"ஒரு தடவை," என்றாள் சுரேகா, டாக்டரிடம். "தங்கல."

பத்தொன்பது வருடமாக அவள் தனியே பயந்துகொண்டிருந்த அந்தக் கேள்வியை நகுலன் மெல்லக் கேட்டார்.

"யாரோடது?"

"பிள்ளைக்குப் பாதி தகப்பனோட அடையாளம்னு டாக்டர் சொன்னாங்களே," என்று மேசைமேல் கிடந்த பரிசோதனைத் தாளை அவர் பக்கம் நகர்த்தினாள். சுரேகாவின் ரத்தம் யாருடைய அடையாளங்களை எதிர்க்கிறது என்ற இடத்தில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, நகுலன் என்று.