ஆணி வைத்த டயர்

செல்போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, கலியமூர்த்தி சட்டை போட்டுக்கொண்டு அதன் எதிரே உட்கார்ந்திருந்தார்.

வீட்டுக்குள் சட்டை போடுகிற பழக்கம் அவருக்குக் கிடையாது. ஆனால் இன்று சொல்வதற்கு விஷயம் இருந்தது.

கனடாவில் இருக்கும் மகன் எழிலரசன் ஞாயிற்றுக்கிழமைதோறும் வீடியோவில் கூப்பிடுவான். இங்கே மதகடிப்பட்டில் விளக்கு வைக்கும் நேரம், அவனுக்கு அங்கே காலை. மனைவி விஜயகுமாரி இருந்தவரைக்கும் அந்தப் போன் அவளுடையது. யார் வீட்டில் கல்யாணம், எந்த மாடு கன்று போட்டது, இன்றைக்கு என்ன குழம்பு என்று வாய் ஓயாமல் பேசுவாள். கலியமூர்த்தி தோளில் துண்டோடு பின்னால் குறுக்கே போவார். "நல்லா இருக்கானான்னு கேளு" என்பதோடு அவர் பங்கு முடிந்தது.

ஆடியில் அவள் போய்விட்டாள். போன் இவர் கைக்கு வந்தது. பேச்சு வரவில்லை.

"சாப்ட்டியாப்பா?" என்பான் அவன்.

"சாப்ட்டேன். நீ?"

"சாப்ட்டேன்."

அதற்கப்புறம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு இருப்பார்கள். சிக்னல் போய்விட்டதோ என்று இவருக்குச் சந்தேகமே வந்துவிடும்.

இப்படியே போனால் வாரம் மாதமாகும். அப்புறம் பொங்கல், தீபாவளி என்றாகும். அந்தப் பயத்தை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வீட்டில் ஆளும் இல்லை.

போன வாரம்தான் சாமி கண் திறந்தது.

"என் பிக்கப் வண்டிக்குப் பனி டயர் போடணும்பா," என்றான் மகன். "ஆணி வெச்சது ஒண்ணு, ஆணி இல்லாதது ஒண்ணு விக்கிறாங்க. எத வாங்கட்டும்?"

கலியமூர்த்தி காலமெல்லாம் லோடு வண்டி ஓட்டுகிறவர். என்ன படிப்பது, எந்த ஊருக்கு வேலைக்குப் போவது, எதையும் அவன் அவரைக் கேட்டதில்லை. இதைக் கேட்டான்.

வாரம் முழுக்க அவருக்கு அதே நினைப்பு. செவ்வாய்க்கிழமைச் சந்தையில் மாடுகளை இறக்கிவிட்டு நேரே ஹசனின் டயர் கடைக்குப் போனார். வாழ்நாளெல்லாம் டயரிலிருந்து ஆணியைப் பிடுங்கிப் போட்ட ஹசன், கனடாவில் ஆணி வைத்தே விற்கிறார்கள் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"இன்னாண்ணே, மதகடிப்பட்டுல ஐஸ் கொட்டப் போவுதா?"

சிரித்தாலும் ஆள் விடவில்லை. இருவரும் பனிச் சாலை வீடியோக்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். வாங்கி வைத்த டீ ஆறிப்போனது. கடைசியில் முடிவு கிடைத்தது. ரோடே கண்ணாடியாக உறைந்து கிடக்கிற காட்டுப் பக்கம் போகிறவனுக்குத்தான் ஆணி. ஊருக்குள் தார் ரோட்டில் போய் வருகிறவனுக்கு ஆணி போட்டால் சத்தம்தான் மிச்சம். குளிரிலும் இறுகாத மெத்தென்ற ரப்பர் போதும்.

இதைச் சொல்ல அரை மணி நேரம் ஆகும். மாட்டுச் சந்தையிலிருந்து ஆரம்பித்தால் இன்னும் கூடும்.

போன் அடித்தது.

எழிலரசன் அங்கே தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தான். குல்லாவுக்குள் மூக்கு மட்டும் சிவந்து தெரிந்தது. "வண்டியப் பாருப்பா, ராத்திரி செம பனி," என்று போனைத் திருப்பினான். தரையெல்லாம் உப்பளம்போல வெள்ளை. கூரை, கதவு, கண்ணாடி என்று காட்டிக்கொண்டே வந்தவன், விரல் விறைத்ததோ என்னவோ, போனை ஒரு நொடி கீழே தாழ்த்தினான்.

முன்சக்கரத்துக்குப் பக்கத்தில், பனியின் மேல், மஞ்சளாக ஏதோ நசுங்கிக் கிடந்தது.

எலுமிச்சம்பழம்.

கலியமூர்த்தி மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். எலுமிச்சம்பழமேதான். புது டயர் மாட்டினால், அடியில் பழம் வைத்து ஏற்றி நசுக்காமல் அவர் ஒருநாளும் வண்டியை எடுத்ததில்லை. பழத்தை நசுக்கிய டயர் கன்னங்கரேலென்று, வரிகள் தேயாமல், புத்தம் புதிதாக நின்றது. ஆணி இல்லாதது.

அவருக்குச் சுருக்கென்றது. ஒரு வாரம் பொறுக்க முடியவில்லையா இவனால்? பிறகு எதற்குக் கேட்டான்?

போன் மறுபடி அவன் முகத்துக்குத் திரும்பியது.

"சொல்லுப்பா. நீ சொல்லுவன்னுதான் ஒரு வாரமா காத்துட்டு இருக்கேன். எத வாங்கட்டும்?"

சின்ன வயதில் பொய் சொல்லும்போது இமைக்காமல் பார்ப்பானே, அதே பார்வை. கலியமூர்த்திக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வெள்ளைக் காட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து, அப்பாவிடம் பேச என்னதான் இருக்கிறது என்று இவனும் மூளையைக் கசக்கியிருக்கிறான். தேடித் தேடி ஒரு டயர் கிடைத்திருக்கிறது.

அவருக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டார்.

பதில் நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டால் முடிந்தது. அடுத்த ஞாயிறு மறுபடியும் சாப்ட்டியா, சாப்ட்டேன்.

தொண்டையைச் செருமினார்.

"அவசரப்படாதடா, டயரு சமாச்சாரம். விழுப்புரத்துல பெரிய கடைக்காரரு ஒருத்தரு இருக்காரு. அவரையும் ஒரு வார்த்த கேட்டுட்டு அடுத்த ஞாயித்துக்கெழம சொல்றேன்."

"சரிப்பா," என்றான் எழிலரசன். "நீ சொல்ற வரைக்கும் நான் வாங்க மாட்டேன்."